ஒன்பது அம்சமும் ஒழுகிய ஏசியும்

மூன்றாவது சொட்டு நேராக அடைக்கலத்தின் கையெழுத்தின் மேல் விழுந்தது.

முதல் சொட்டு தேதியின் மேல் விழுந்தபோது பொறுத்துக்கொண்டார். இரண்டாவது 'பெறுநர்' மேல் விழுந்தபோது எழுதுகிற அட்டையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார். மூன்றாவதற்குப் பதறிப்போய் அட்டையைத் தூக்க, கையெழுத்து 'அடைக்' வரை நின்றுவிட்டு, மிச்சம் நீலமாக ஓடி, 'எனது வார்டில் எந்த வீட்டிலும் நீர் தேங்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியில் போய்த் தேங்கியது.

அண்ணாந்து பார்த்தார். சுவரில் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்த ஏசியின் கீழ் விளிம்பில் நான்காவது சொட்டு தயாராகிக்கொண்டிருந்தது.

"ஏ மேகலை! இங்கிட்டு வா. ஏசி ஒழுகுது!"

"கத்தாதீங்க, பாப்பா இப்பத்தான் கண்ண மூடுச்சு" என்று மணிமேகலை அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு குண்டான் இருந்தது. பார்க்காமலே அதைச் சொட்டுக்கு நேர் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமையில இருந்து ஒழுகுது. நீங்கதான் இன்னைக்கு இந்த ரூமுக்குள்ள வந்திருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமையா? இன்னைக்குப் புதன்கிழமை!"

"அதுக்கு நான் என்ன செய்ய? ஒங்களுக்கு ஊரு வீட்டுத் தண்ணியப் பாத்துட்டு வரவே பொழுது சரியாப் போகுது."

இந்த இடத்தில் அடைக்கலத்தைப் பற்றிச் சில விவரம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொட்டுக்கு ஒரு மனிதர் இவ்வளவு பதறுவது நியாயமாகப் படாது.

அவர் திருக்கோகர்ணம் பக்கத்து வார்டு ஒன்றில் சுகாதார மேற்பார்வையாளர். கொசு ஒழிப்புப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்புவதும், தேங்கிய தண்ணீரில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், புழு நெளிந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பதும் அவர் வேலை. முப்பத்தோரு வருட சர்வீசில் ஒரு மெமோ வாங்கியதில்லை. தை மாதம் ஓய்வு. அதற்குள், வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மாவட்ட அலுவலர் ஷர்லி மேடம் வார்டைப் பார்வையிட வருகிறார்.

ஷர்லி மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வார்டுக்குப் போனாலும் முதலில் மேற்பார்வையாளர் வீட்டுக்குத்தான் போவார். போன மாதம் வேறோர் ஊரில், மேற்பார்வையாளர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டில் ஒரே ஒரு புழு நெளிந்தது. திங்கள்கிழமை மீட்டிங்கில் அவர் பெயரை மைக்கில் வாசித்து மெமோவைக் கையில் கொடுத்தார் மேடம். அந்த மனிதர் அதற்குப் பிறகு மீட்டிங்கில் தூணுக்குப் பின்னால்தான் உட்காருகிறார்.

அடைக்கலம் தூணுக்குப் பின்னால் உட்காருகிற ஆள் இல்லை. இந்த முறை முன்னேற்பாடாகவே இருந்தார். ஒன்பது அம்சம் கொண்ட ஒரு சுற்றறிக்கையைத் தன் கைப்பட எழுதியிருந்தார். ஆபீசிலிருந்து வரும் பழைய தாள்களில் 'இதற்கு மட்டும்', 'அதற்கு மட்டும்' என்று இருப்பது அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அதில் ஒரு கம்பீரம் இல்லை. அதனால் 'எதுவானாலும்' என்று ஒரு வார்த்தையைப் போட்டார். தொட்டி எதுவானாலும் மூடி. டயர் எதுவானாலும் ஓட்டை. சுவரை விட்டு நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் எதுவானாலும் வாயில் துணி. கொட்டாங்கச்சி எதுவானாலும் குப்புற. படித்துப் பார்த்தபோது அவருக்கே எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமைக்குள் வார்டு முழுக்க ஒன்பது அம்சமும் நிறைவேற்றியாகிவிட்டது.

மாதிரிக்கு ஒரு நடவடிக்கையும் எடுத்திருந்தார். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அமிர்தவல்லி டீச்சருக்கு, அவர் வீட்டுக் கொல்லையில் கிடந்த கொட்டாங்கச்சியில் அரைக் கரண்டித் தண்ணீர் இருந்ததற்கு நோட்டீஸ் கொடுத்தார். டீச்சர் அதைக் கிழித்துப் போடவில்லை. ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். என்றைக்காவது பயன்படும் என்று.

"ஏசிய நிறுத்திரு" என்றார் அடைக்கலம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபேன் போதும்."

கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்த மகள் அருணா தலையைத் தூக்கினாள். பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு இன்றோடு நாற்பத்தேழு நாள்.

"அப்பா, நேத்து அரை மணி நேரம் நிறுத்துனதுக்கு இவ வீட்டத் தூக்கிட்டா. கழுத்துல வேர்க்குரு வேற. எங்க அத்தை ஆவுடையார்கோவில்ல இருந்து தெனம் வீடியோ கால்ல வேர்க்குருவ எண்ணுறாங்க. அஞ்சாச்சுன்னா கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டாங்க."

"இப்ப எத்தனை?"

"நாலு."

ஏசி ஓடியாக வேண்டும், ஒழுகக் கூடாது. அடைக்கலம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஏசி மெக்கானிக் நாகராசுவைக் கூப்பிட்டார்.

"நாகராசு, நான் அடைக்கலம் பேசுறேன். நீ மாட்டுன ஏசி ஒழுகுது. ஒடனே வா."

"சார், இப்ப நான் கறம்பக்குடியில இருக்கேன் சார். இங்க ஒரு கல்யாண மண்டபம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், ஏசி எல்லாம் தகராறு. ஏணி மேல நின்னுதான் பேசுறேன். ஒங்க தெருவுல இருந்து வேற அஞ்சாறு போனு வந்துருச்சு. ஐப்பசி மாசத்துலயும் வெயிலு அடிக்கிது பாருங்க, எல்லா மெஷினும் தெணறுது."

"ஊருக் கதைய விடு. எனக்கு வழி சொல்லு."

"பதறாதீங்க. உள்ள குளிர்ந்த தகடு இருக்குல்ல, அதுல காத்துப் பட்டா வேர்க்கும். அந்த வேர்வ ஒரு தட்டுல எறங்கி, குழா வழியா வெளிய போயிரணும். எத்தனையில வச்சிருக்கீங்க?"

"பதினெட்டு."

"புள்ள வெறச்சுப் போகும் சார்! இருபத்தாறுல வைங்க. ரூம் கதவச் சாத்தியே வைங்க. தொறந்து தொறந்து மூடுனா வெளிக்காத்து வந்து இன்னும் வேர்க்கும். அப்புறம் பெட்டி சரியா உக்காந்திருக்கான்னு ஒரு பார்வ பாருங்க. நான் அப்புறம் பேசுறேன், ஏணி ஆடுது."

இருபத்தாறில் வைத்தார். கதவைச் சாத்தினார். அடுத்து, பெட்டி. அதை வெறும் கண்ணால் பார்ப்பது அடைக்கலத்தின் வழக்கமில்லை. வீடு கட்டியபோது கொத்தனார் மறந்துவிட்டுப் போன ரசமட்டம் ஒன்று பரணில் இருந்தது. அதை எடுத்து வந்து ஏசியின் தலையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடியது.

"பாத்தியா மேகலை, கோணலா மாட்டியிருக்கான்! இதுதான் விஷயம்."

"ரெண்டு மாசமா அந்தக் கோணல்லதானே ஒழுகாம ஓடுச்சு?"

"அது அப்ப."

வலது முனையைக் கொஞ்சம் தூக்கி, பெட்டிக்கும் அது மாட்டியிருந்த தகட்டுக்கும் நடுவில் எதையாவது செருக வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் சுற்றறிக்கையின் மீதிப் பிரதிகள் இருந்தன. நான்கை எட்டாக மடித்துச் செருகினார். குமிழி அசையாமல் நட்டநடுவில் வந்து நின்றது. அடைக்கலம் ஸ்டூலிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். அந்தத் தெருவிலேயே அவ்வளவு நேரான ஏசி வேறு வீட்டில் இருந்திருக்காது.

கால் மணி நேரத்தில் அது நேராக ஒழுக ஆரம்பித்தது. இதுவரை ஒரு மூலையில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர், இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வாசல் தோரணம் மாதிரி வரிசையாகத் தொங்கி விழுந்தது. குண்டானுக்குத் துணையாகத் தூக்குச்சட்டி வந்தது. தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் இட்லிப் பானை. அதற்குப் பக்கத்தில் அன்னக்கூடை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். டொக், டிங், ணங். குழந்தை விழித்துக்கொண்டு நான்காவது சத்தமாகச் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை காலையில் நாகராசு போனில் அலறினான்.

"மட்டமா நிறுத்திட்டீங்களா? சார், தண்ணி குழாப் பக்கமா ஓடணும்னுதான் நான் வேணும்னே ஒரு விரக்கட சரிச்சு மாட்டியிருக்கேன்! மொதல்ல செருகுனத உருவுங்க."

"அத நீ நேத்தே சொல்லியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அடைக்கலம் செருகியதை உருவினார்.

"நீங்க ரசமட்டம் வச்சிருப்பீங்கன்னு நான் கண்டேனா சார்? சரி, வெளியில குழா முனையில தண்ணி வருதான்னு பாத்துச் சொல்லுங்க."

ஏசிக் குழாய் முடிகிற இடம், அடைக்கலம் வீட்டுக்கும் டீச்சர் வீட்டு மதிலுக்கும் நடுவில் இருந்த சந்து. சந்தின் அகலம் ஒன்றரை அடி. அடைக்கலத்தின் அகலம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சர்வீசில் சேர்ந்த வருடம் அவர் அதில் ஓடியிருப்பார். இப்போது ஒரு தோளை உள்ளே விட்டுப் பார்த்தார். மறு தோள் வர மறுத்தது. மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். ஏசிக் குழாய் சன்ஷேடுக்கு அடியில் மறைந்திருந்தது. கீழே தரை தெரிந்தது, பொட்டு ஈரமில்லை. கொல்லைப் பக்கம் செப்டிக் டேங்க் குழாயின் உச்சியில் வெள்ளைத் துணி, இரட்டை முடிச்சோடு, பொம்மைக்குத் தலைப்பாகை கட்டியது போல் இருந்தது. பணியாளர் செவந்தியின் கைவேலை. அந்த அழகை ஒரு நிமிடம் ரசித்தார்.

"என்ன சார், எங்க பக்கம் கொட்டாங்கச்சி தேடுறீங்களா?"

டீச்சர் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருந்தது.

"இல்ல டீச்சர், சும்மா காத்து வாங்க."

"இந்த வெயில்லயா?" டீச்சர் மெத்தையைத் திருப்பிப் போட்டார். "ஒங்க வீட்டு ஏசி நல்லா ஓடுதா சார்?"

அடைக்கலம் கைப்பிடிச் சுவரிலிருந்து சட்டென்று நிமிர்ந்தார். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

"எங்க வீட்டுது அருமையா ஓடுது."

"எங்க வீட்டுதும்தான்" என்றார் டீச்சர், மெத்தையின் மறுபக்க ஈரத்தைக் கையால் மறைத்தபடி.

இரண்டு பேரும் அவரவர் மாடிப்படியில் இறங்கிப் போனார்கள்.

"வரல, நாகராசு. ஒரு சொட்டு இல்ல. தரை காஞ்சு கெடக்கு."

"அப்ப நடுவுல எங்கயோ அழுக்கு அடைச்சிருக்கு சார். உள் பக்கத்துல இருந்து காத்து அடிச்சீங்கன்னா பிச்சுக்கிட்டுப் போயிரும். நானே வந்து செஞ்சிருவேன், ஆனா இங்க மூணு பெட்டியக் கழட்டிட்டேன், உள்ள கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு, என்ன வியாதின்னே புடிபடல. மாப்ள வீட்டுக்காரங்க வேற வந்து கீழ நின்னு அண்ணாந்து பாக்குறாங்க."

சைக்கிள் பம்பு கிடைத்தது. ஏசியின் முன் மூடியைத் தூக்கி, தட்டின் ஓரத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, பம்பின் மூக்கை அதில் வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்து மணிமேகலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"ஏங்க, எனக்கு என்னமோ சரியாப் படல."

"நீ புடி."

ஒரு அடி அடித்தார். எங்கோ தூரத்தில் 'குபுக்' என்றது. "போகுது, போகுது!" இரண்டாவது அடி. குழாய்க்குள் போன காற்று எதிலோ முட்டி யோசித்தது. மூன்றாவது அடியில் அது ஒரு முடிவுக்கு வந்து, நான்கு நாள் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பியது.

அடைக்கலத்தின் கண்ணாடியில் கருப்பாக ஏதோ வழிந்தது. வெள்ளைச் சட்டையில் பாசி நிறத்தில் ஒரு தேசப்படம்.

கட்டிலிலிருந்து 'ங்கா' என்று ஒரு சத்தம்.

"அம்மா, இங்க பாரு! பாப்பா சிரிக்கிறா!" என்றாள் அருணா.

"அட ஆமா! தூக்கத்துல சிரிக்கிறது இல்ல இது, மொகத்தப் பாத்துச் சிரிக்குது!" மணிமேகலை துணியையும் பம்பையும் போட்டுவிட்டு ஓடினாள். "ஏங்க, இன்னொரு தடவ அடிங்க, போட்டோ எடுப்போம்."

அடைக்கலம் இன்னொரு தடவை அடிக்கவில்லை. முகம் கழுவி வந்து, தண்ணீரை நிறுத்த முடியாவிட்டால் திருப்பிவிடுவது என்று முடிவு செய்தார். போன வருட விழிப்புணர்வுப் பேரணிக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தது. அதை விரித்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, ஏசிக்கு அடியில் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, ஒரு முனையை மட்டும் ஜன்னல் பக்கம் சரித்தார். ஏசியில் விழுவது பேனரில் விழுந்து, ஜன்னலோரம் வைத்த வாளிக்குப் போய்விட வேண்டும். ஏற்பாடு அதுதான்.

பேனரில் பெரிய எழுத்தில் 'நீர் தேங்க விடாதீர்' என்று அச்சிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் 'தேங்க' என்ற எழுத்துகளின் மேல் வயிறு தொங்கி, அங்கே ஒரு சின்ன ஊரணி உருவாகியிருந்தது.

"அப்பா, அது கீழ எறங்குற மாதிரி இருக்கு."

"கயிறு நைலான் கயிறும்மா. யானைய இழுக்கும்."

கயிறு அறுந்து போகவில்லை. ஆணிதான் சுவரை விட்டு வந்தது. ஊரணி மொத்தமும், மறுநாளைக்கென்று தேய்த்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த சட்டையின் மேலும், புதிதாக எழுதி முடித்திருந்த உறுதிமொழியின் மேலும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. பேனர் விழுந்த வேகத்தில் பேனா எங்கேயோ உருண்டுபோயிருந்தது. அதைத் தேடக் கட்டிலுக்கு அடியில் குனிந்த அடைக்கலம், வழக்கப்படி டார்ச்சை அடித்தார்.

கட்டிலுக்கு அடியில் பதினோரு பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. குடம், எவர்சில்வர் டிரம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வரை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு அரையும் குறையுமாக மூடியிருந்தது.

"மேகலை, இது என்ன?"

மணிமேகலை நகத்தைப் பார்த்தாள். "ஏசித் தண்ணி."

"இது எதுக்கு இங்க இருக்கு?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து சேத்து வச்சேன். உப்பே இல்லாத தண்ணிங்க! இன்வெர்ட்டருக்கு ஊத்தலாம், இஸ்திரிப் பெட்டிக்கு ஊத்தலாம். காவேரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருதடவ வர்ற ஊருல, வீட்டுக்குள்ளயே வந்து விழுகுற தண்ணியக் கீழ ஊத்த மனசு வருமா? ஒங்ககிட்டச் சொன்னா ஊத்தச் சொல்லுவீங்க. அதான் சொல்லல."

அடைக்கலம் முதல் குடத்தின் தட்டை விலக்கி டார்ச் அடித்தார். தண்ணீருக்குள் ஏதோ ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் விருட்டென்று நெளிந்து கீழே போனது. அதை அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோரு வருடமாக ஊரார் வீட்டில் பார்த்துப் பழகிய நெளிவு.

"மேகலை" என்றார், துக்கம் சொல்ல வந்தவர் குரலில். "புழு."

"யாரு வீட்டுல?"

"நம்ம வீட்டுல."

பதினோரு பாத்திரத்தையும் ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கி வந்து வெயில் படும் மண்ணில் ஊற்றினார். சாக்கடையில் ஊற்றக் கூடாது, காய்ந்த மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அது அவரே எழுதிய எட்டாவது அம்சம். கடைசி இட்லிப் பானையைக் கவிழ்த்தபோது டீச்சர் பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்தார்.

"வாசல் தெளிக்கிறீங்களா சார்? இட்லிப் பானையிலயா?"

"வீட்டுல முடியல, டீச்சர். அதான் நானே."

"பாத்து சார். தேங்கிறப் போகுது."

பத்து மணிக்குச் சரியாக ஜீப் வந்து நின்றது. ஷர்லி மேடம் இறங்கினார். பின்னால் செவந்தி, டார்ச்சும் பதிவேடுமாக. செவந்தி ஒடிசலான பெண். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதனாலேயே அடைக்கலத்துக்கு அவளைப் பிடிக்கும்.

"வணக்கம் சார். உங்க ஒன்பது அம்சம் பிரமாதம்" என்றார் மேடம். "உங்களுக்கு நகல் வந்திருக்காது. போன வாரமே நான் கையெழுத்துப் போட்டு மாவட்டம் முழுக்க அனுப்பிட்டேன். நேரா ஒரு ஷீல்டுக்கே எழுதலாம்னு இருக்கேன். வீட்ட மட்டும் ஒரு பார்வை பாத்துட்டா முடிஞ்சது."

அடைக்கலத்துக்குக் காதெல்லாம் சூடானது. பாதி சந்தோஷம், பாதி பயம்.

ஃப்ரிட்ஜ் தட்டு காய்ந்திருந்தது. தொட்டிக்கு மூடி இருந்தது. பூந்தொட்டித் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேடம் பதிவேட்டில் ஒரு டிக் போட்டார். மிச்சம் அந்த அறைதான். ஏசியைப் பதினைந்து நிமிடத்துக்கு முன்பே நிறுத்தித் துடைத்து வைத்திருந்தார் அடைக்கலம். குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அடடா, பேத்தியா?" மேடம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டார். "புள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குதே! ஏசிய வச்சுக்கிட்டு ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"காத்தோட்டம் நல்லதுன்னு..." என்று அடைக்கலம் ஆரம்பிப்பதற்குள் மேடம் தலையணைப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்து அழுத்திவிட்டார்.

ஏசி விழித்துக்கொண்டது. குழந்தை அடங்கியது. மேடம் பதிவேட்டை மடியில் வைத்து, 'முதல் வீடு: திருப்தி' என்று எழுதினார். மணிமேகலை காபி கொண்டுவந்து கொடுத்தாள். மேடம் அதை நிதானமாகக் குடித்தார், குழந்தையின் எடையைக் கேட்டார், என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டார். அடைக்கலம் எதையும் காதில் வாங்கவில்லை. ஏசியின் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு மணி உருண்டு திரண்டது.

"சரி சார், கிளம்புறேன்" என்று மேடம் காபி டம்ளரை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

சொட்டு நேராகக் கையெழுத்தின் மேல் விழுந்தது.

மேடம் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது சொட்டு மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு 'டிங்' கேட்டது. அவசரத்தில் அங்கே ஒரு தூக்குச்சட்டி மறந்துபோய் இருந்தது. கட்டில் விளிம்பில் விழுந்து வழிந்த சொட்டு அதற்குள் போய்ச் சேர்ந்தது.

"என்ன சார் இது?"

முப்பத்தோரு வருடம் அடைக்கலத்தின் கண் முன்னால் வந்து நின்றது. கூடவே ஒரு தூணும்.

"மேடம், மறைக்க விரும்பல. ஞாயித்துக்கிழமையில இருந்து ஒழுகுது. இருபத்தாறுல வச்சுப் பாத்தேன், மட்டம் பாத்தேன், காத்தடிச்சுப் பாத்தேன். குழாய்க்குள்ள எங்கயோ அடைப்பு."

"வெளிய குழாய் முனையப் பாத்தீங்களா?"

"அது சந்துல இருக்கு மேடம். நான் நுழைய முடியல."

மேடம் அவரை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. "செவந்தி, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

செவந்தி போனாள். மேடம் தூக்குச்சட்டியை வெளியே இழுத்தார், டார்ச் அடித்தார், கைப்பையைத் திறந்து மெமோ புத்தகத்தை எடுத்து, நடுவில் கார்பன் தாளை வைத்தார். மணிமேகலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருணா குழந்தையின் கழுத்தைப் பார்த்து, சத்தம் வராமல் ஐந்து வரை எண்ணினாள். மேடம் தேதி எழுதினார். 'திரு. அடைக்கலம்' என்று எழுதினார்.

செவந்தி தலையில் ஒட்டடையோடும் முகம் நிறையச் சிரிப்போடும் திரும்பி வந்தாள்.

"அடைப்பெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம், மத்த வார்டு மாதிரி செப்டிக் டேங்க் குழாய்க்கு மட்டும் கட்டாம, சார் சொன்னபடி குழா எதுவானாலும்னு ஏசிக் குழா வாயிலயும் நான் சனிக்கிழமை கட்டுன துணி கட்டுனபடி இறுக்கமா இருக்கு, வார்டுல நூத்திப் பதினாலு ஏசிக்கும் இதே கட்டுத்தான், கறம்பக்குடியில இதே வேல பாக்குற எங்க அக்கா மகளும் கல்யாண மண்டபத்துல எட்டுக் குழாயையும் கட்டிட்டாளாம், மேடமே கையெழுத்துப் போட்டு அனுப்புன தாளாச்சே!"